ராத்தா கொண்டுவந்த பாசி

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன அன்று, கல்முனைச் சந்தியில் யாரோ பட்டாசுக் கட்டைக் கொளுத்திப் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் கணவரின் மோட்டார் சைக்கிள் தடுமாற, பின்னால் இருந்த நான் குப்புற விழுந்தேன். முன்பல் ஒன்று வேரோடு கழன்று தார் ரோட்டில் கிடந்தது. தேநீர்க் கடைக்காரர் அதை ஒரு கிளாஸ் பாலில் போட்டுத் தந்தார். பல் டொக்டர் அதைத் திரும்பவும் குழிக்குள் வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டிவிட்டார்.

மறுநாள் உதடு மூக்கு வரை வீங்கியது. கலியாணம் முடித்து அதிக காலம் ஆகவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அழுதேன். மாமியார் முன்னால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே கதைத்தேன். என்னைப் பார்த்துக்கொள்ள என் ராத்தா, உடன்பிறந்த மூத்தவள், வந்திருந்தாள். சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அதன்பிறகு அவள் மீன் ஆக்கியதில்லை. கடற்கரைப் பக்கம் போனதுமில்லை.

டொக்டரிடம் மறுபடி போனபோது ராத்தாவும் கூட வந்தாள். "வீக்கம் வத்த வேற மருந்து இல்லையா?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"கடற்பாசி, கடலட்டையில இருந்து எடுக்கிற சத்து இப்படி வச்ச பல்லுக்கு உதவுமா எண்டு ஆராய்ச்சி செய்றாங்க. இன்னும் மருந்தா வரல்ல. நான் தந்த குளிசையை ஒழுங்காக் குடிங்க," என்றார்.

அடுத்த நாள் காலை ராத்தாவைக் காணவில்லை. வெயில் ஏறிய பிறகு வந்தாள். சாரிக் கரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. கையிலிருந்த பையில் கரையொதுங்கிய பச்சைப் பாசி.

"இந்தா. அரைச்சுப் பூசுவமா?"

"கடலுக்கா போனீங்க, ராத்தா?"

"ஓம். நீ அழுதுட்டே கிடக்கிறாய். நான் என்ன செய்ய?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவளின் முன்னால் ஒரு பல்லுக்காக இத்தனை நாள் ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

"பச்சையாப் பூசேலாது, ராத்தா. புண்ணுக்குக் கூடாது," என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரி, போகட்டும்." பையின் வாயை முடிந்தபடி சொன்னாள்: "கடல் சும்மா கிடக்குது புள்ள. ஒண்டும் நடக்காத மாதிரி."

பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கால் கழுவப் போனாள்.

குளிசையோடு வீக்கம் வற்றியது. பல்லும் நிலைத்தது. கம்பியைக் கழற்றிய அன்று ராத்தா என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "ஆ காட்டு, பாப்பம்," என்றாள். விரலால் பல்லை மெல்ல அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. அவள் சிரித்தாள். அந்தப் பாசிப் பை நினைவுக்கு வர, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.