கரையில் நட்ட மூன்று குச்சிகள்

புனேயின் தாபோடியில் எங்கள் சந்துப் பையன்கள், சாலை அளக்க நட்ட குச்சிகளைப் பிடுங்கி ஸ்டம்ப் ஆக்கியிருந்தார்கள். சின்ன வயதில் ஊரில் நானும் இதைச் செய்தவன்தான்.

கடல் எங்கள் குப்பத்துக் கரையை எவ்வளவு தின்கிறது என்று அளக்க, கடல் விஞ்ஞானி அக்கா ஒருவர் மூன்று குச்சி நட்டிருந்தார். அப்போது மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மேதை நான், மூன்றையும் பிடுங்கி மேட்ச் ஆடினேன்.

"ஒரு வருச அளவு போச்சேடா! இதக் காட்டித்தானே உங்களுக்குத் தடுப்புச் சுவர் கேக்க இருந்தேன்?"

"திரும்ப நட்டுரலாம்க்கா."

"எந்த எடத்துல நின்னுச்சு, சொல்லு?"

மணலில் ஓர் இடத்தைக் காட்டினேன்; பிறகு இன்னோர் இடத்தை.

ஆதாரம் இல்லையென்று அதிகாரிகள் சுவரை மறுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனது.

குச்சி விஷயம் தெரியாத அப்பா, பிழைக்க வந்த புனேயில் உட்கார்ந்து இன்றும் கடலைத் திட்டுகிறார். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.