கடற்கரைப் படத்தில் ஒரு குங்குமப் பொட்டு

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஒன்றும் சோடை போகவில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை வேறு யாரையும் எழுத விடவில்லை. ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எழுதுவேன்.

போன மாதம், மகளோடு நான் இருக்கிற இந்த வெளிநாட்டில், வெஸ்ட்கேட் பக்கம் ஒரு வீடு குடிபுகல். மலேசியாப் பிள்ளை, என் மகளோடு வேலை செய்கிறவள். பால் காய்ச்சி முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு நிற்க, சுவரில் அந்தப் படத்தைக் கண்டேன். ஆழமில்லாத பரவைக்கடல், கரையில் பனைகள், சாய்ந்து கிடக்கும் ஒரு தோணி. வெள்ளைக்காரன் காலத்தில் கறுப்பு மையில் அச்சடித்தது. வானத்து மூலையில் மங்கின சிவப்பாய் ஒரு பொட்டு.

"இது எங்கட ஊர் மியூசியத்துப் படம்" என்றேன்.

"கொழும்புல பழைய சாமான் கடையில வாங்குனது பாட்டி. அழகா இருந்துச்சு, அதான்."

மகள் என் கையைப் பிடித்தாள். "அம்மா, அச்சுப்படம் எத்தினையோ இருக்கும். இதுதான் அது எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்? சும்மா இருங்கோவன்."

"எத்தினையும் இருக்கட்டும். அந்தப் பொட்டு உன்ரை கொப்பர் வைச்சது."

என் வீட்டுக்காரர் அந்த மியூசியத்தில் காவல் வேலை. சரசுவதி பூசைக்கு நாங்கள் புத்தகத்துக்கும் தையல் மெசினுக்கும் பொட்டு வைப்போம். அவர் அங்கே போய் ஒவ்வொரு படத்தின் கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அந்த வருடம் இந்தப் படத்தின் கண்ணாடி மூலை உடைந்திருந்ததை மனிதர் கவனிக்கவில்லை. குங்குமம் கடதாசியில் ஊறிவிட்டது. பிறகு கண்ணாடி மாற்றியும் அது போகவில்லை.

"கடலுக்கும் பனைக்கும் பொட்டு வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று மியூசியத்துப் பெரியவர் ஏசினாராம்.

"அதைப் பாத்தும் பிள்ளையள் படிக்குதுகள்தானே ஐயா" என்று இவர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பின்னேரம் கதவு பூட்டமுன் எல்லாப் படங்களையும் ஒருதரம் பார்த்து வருவார். பார்க்காமல் வந்தால் சோறு இறங்காது. சண்டைக்குள் நாங்கள் ஊரை விட்டு ஓடினோம். திரும்பிப் போனபோது மியூசியத்தின் கதவே இல்லை. படங்கள் தொங்கின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுவர். அதற்குப் பிறகு அவர் அந்தத் தெருவால் போகவில்லை. அடுத்த இடப்பெயர்வில் காய்ச்சல் வந்து போய்விட்டார். அவருடைய முகம் உள்ள படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. இவ்வளவையும் அங்கேயே ஒரு கதிரையில் இருந்து சொன்னேன்.

"அய்யோ பாட்டி, அழுவாதீங்க" என்றாள் மலேசியாப் பிள்ளை.

"ஆர் அழுதது?"

அவள் படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தாள். "நீங்களே வச்சுக்குங்க. கொள்ளையடிச்ச சாமான்னு தெரிஞ்ச பிறகு நான் எப்படி மாட்டிக்கிறது?"

என் கட்டிலுக்கு நேரே மாட்டினோம். வெளியே மழை தூறும் பகல்களில் எழுந்து போய்க் கண்ணாடிக்கு மேலாக அந்தப் பொட்டில் விரலை வைப்பேன். அவருடைய விரல் என் விரலைவிடப் பெரிது. சுற்றிவரச் சிவப்பு தெரியும்.

ஆனால் பொழுதுபட மகள் திரைச்சீலையை இழுத்து மூடும்போது மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். இது அவர் சுவர்களைப் பார்த்து வருகிற நேரம். படம் என் அறையில் இருக்கும்வரை அங்கே ஓரிடம் வெறுமையாகத்தான் இருக்கும். கடைசியில் நானே சொன்னேன், அனுப்புவோம் என்று. மகள் கொம்பியூட்டரில் எழுதிக் கேட்டாள். மியூசியத்தைத் திருத்தித் திறந்துவிட்டார்களாம். நன்றி சொல்லி, படத்தைத் துப்புரவாக்கி மாட்டுவோம் என்று பதில் போட்டிருந்தார்கள்.

துப்புரவாக்கி. அந்தச் சொல்லில்தான் எனக்கு நித்திரை போனது.

அதனால் இதைப் படத்தின் பின்பக்கம் ஒட்டி அனுப்புகிறேன். தூசியைத் துடையுங்கள், புதுக் கண்ணாடி போடுங்கள். அந்தச் சிவப்பைத் தொட வேண்டாம். அது அழுக்கில்லை.

ஒட்டமுன் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன், சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், பரவாயில்லை. இஞ்சை வா பிள்ளை, அந்த ஃபோனை வை. முதலிலயிருந்து ஒருக்கா உரத்து வாசி, அம்மம்மா கேக்கிறன்.