நரைத்த கித்தார்

புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்து முடித்த தச்சர், "ஏனுங்கம்மா, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வெச்சா சீக்கிரம் காஞ்சுபோயிருமுங்க" என்றார். அவசரமாக மறுத்தேன். எனக்கு அந்த வாடையோடு சிங்காநல்லூர் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அப்பா அங்கே பஞ்சாலையில் ஃபிட்டர். போத்தனூர் ரயில் டிரைவர் ஒருவர் கித்தார் வாசிப்பதைக் கேட்டு மயங்கி, பலாப் பலகையில் தானே ஒன்று செய்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. டிரைவர்தான் தந்தி கட்டி வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கோ மாற்றலாகி, ஞாயிற்றுக்கிழமை ஊரைவிட்டுக் கிளம்புகிறார். ஆடி மாதச் சாரலில் வார்னிஷ் காய்வேனா என்றது. தொட்டால் விரல் ஒட்டியது.

"ஆலைக்குள்ள அடுப்பாட்டம் சூடு. அங்க தொங்கவிட்டுக் கொண்டாறேன்" என்று சனிக்கிழமை காலை அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வார்னிஷ் கல்லாகக் காய்ந்து வந்தது. ஆலைக்குள் பறந்த பஞ்சும் அதோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அம்மா முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கித்தாருக்கு நரைச்சுப் போச்சுங்களே!"

அப்பாவின் முகம் வாடிவிட்டது. அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். தடவிப் பார்த்துச் சிரித்தார். தந்தி கட்டி வாசித்தார். கணீரென்று இருந்தது. அப்பா கண்ணை மூடித் தலையாட்டினார். அவர் தலையிலிருந்து பஞ்சு உதிர்ந்துகொண்டே இருந்தது. கித்தாரிலிருந்து ஒரு இழைகூட உதிரவில்லை.