டேப் பிடிக்கிறவர்கள்

அந்த அரசுப் பள்ளியின் விளையாட்டு டீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பள ரசீதில் வருவதோடு சரி. பிள்ளைகளுக்கு அவள் விசில் மிஸ். இத்தனைக்கும் கழுத்தில் தொங்கும் விசிலை அவள் ஊதுவது அபூர்வம். மைதானத்தின் நடுவில் வந்து நின்றாலே வரிசை தானாக நேராகிவிடும்.

வரிசைக்கு முன்னால் நடந்துகொண்டே, "காலைல சாப்பிட்டியா?" என்று கேட்பாள். எல்லாருமே சாப்பிட்டேன் என்பார்கள். அதை அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அடுத்த கேள்விதான் கேள்வி.

"எப்படி இருந்துச்சு?"

வயிறு நிறைந்து வந்த பிள்ளை உடனே குறை சொல்லும். "ஒரே காரம் மிஸ்." "எங்கப்பா ரொட்டியைக் கருக்கிட்டாரு மிஸ்." "பால்ல ஆடை, உவ்வே." வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைதான் தரையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு மிஸ்" என்று சொல்லும்.

"சரி, நீ இன்னிக்கு டேப்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

டேப் என்பது நீளம் தாண்டுவதை அளக்கும் நாடா. அதைப் பிடிக்கிறவர்கள் ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். மணல் குழிக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, குதித்தவன் விழுந்த இடத்தை அளந்து சொன்னால் போதும். கடைசியில் டேப்பைச் சுருட்டி அதன் இடத்தில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். அதன் இடம் பள்ளிச் சமையற்கட்டில், கரண்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆணி. மாட்டப் போனவர்கள் கையில் சமையலக்கா ஆளுக்கொரு அவித்த முட்டையைத் திணித்து அனுப்புவாள். அன்று வராத பிள்ளைகளின் முட்டை அது.

புதிதாக வந்த எச்.எம். ஒருமுறை, "விளையாட்டுச் சாமான் கிச்சன்ல ஏன் தொங்குது?" என்று கேட்டார்.

"ஸ்டோர் ரூம்ல எலி சார்" என்றாள் சமையலக்கா.

"இங்க மட்டும் எலி வராதா?"

"என் வாய்க்குப் பயந்துக்கிட்டு வராது சார்."

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால், காலை ஓட்டத்தில் ஒரு பெண் சுருண்டு விழுந்ததுண்டு. மறுநாள், சாப்பிடாமல் வந்தவர்கள் கை தூக்குங்கள் என்று விசில் மிஸ் சொல்லிப் பார்த்தாள். ஒரு கை எழவில்லை. பசியை ஒத்துக்கொள்ளச் சொன்னால் பெரியவர்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டேப் பிடிக்கச் சொன்னால் யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள்.

அவள் வீட்டில் காலை அடுப்படி கணவருடையது. அச்சகத்தில் அவருக்கு மாலை ஷிப்ட். காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரகரத்த ரேடியோவைத் தட்டித் தட்டிக் கேட்டபடி சமைத்து, டப்பாவில் அடைத்து, ஸ்பூனையும் உள்ளே போட்டு, வாசலில் செருப்பு மாட்டுகிறவள் தோளில் பையைத் தொங்கவிடுவார். உள்ளே என்ன என்று அவள் கேட்டதில்லை. முதல் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் திறந்தால்தான் தெரியும். "ஊருக்கெல்லாம் நீ சாப்பாட்டு வாத்தியார், உனக்கு நான் வாத்தியார்" என்பது அவருடைய மாறாத ஜோக். அவளும் மாறாமல் ஒரு "ம்க்கும்" கொட்டுவாள்.

ஒருநாள் அவர் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாள் பையை மாட்டிக்கொண்டு போனாள், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ஸ்பூன் மட்டும் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு மூடினாள். மறுநாளும் அதே டப்பாவைத்தான் எடுத்துப் போனாள். தோளில் பை இல்லாவிட்டால் நடை என்னவோ போலிருந்தது. டப்பாவில் எதையாவது போட வேண்டும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தாள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. பிறகு காத்திருப்பதும் விட்டுப்போயிற்று. காலையில் ஒரு டம்ளர் டீ. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் யாராவது நீட்டினால் ஒரு வாய். ராத்திரி எதுவோ. பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டாள். கண்ணாடியில் அது தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அவளுடைய அக்கா தினமும் போன் செய்வாள்.

"சாப்பிட்டியாடி?"

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

"ரொட்டி."

"ரொட்டியும் என்ன?"

"ரொட்டிதான்க்கா. நல்லா இருந்துச்சு."

சொன்ன பிறகு, இந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசிக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் துணி மடித்தாள்.

இந்த நிலையில்தான் எச்.எம். கூப்பிட்டனுப்பினார். கணக்கு சார் ஏற்கெனவே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான். மேலே இருந்து கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டிய பயத்தில் பாதி முடி போயிருந்தது.

"டீச்சர், பரீட்சை வருது. பிள்ளைங்களுக்குக் காலைலதான் மூளை வேலை செய்யுதுன்னு கணக்கு சார் சொல்றாரு. உங்க காலை பீரியடை எல்லாம் கணக்குக்கு விட்டுக்கொடுத்தா..."

"இந்த வருஷம் மட்டும்தான் மேடம்" என்றார் கணக்கு சார். முன்பு இதே விசில் மிஸ்ஸிடம் இதைக் கேட்டு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. அதே பூசைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"எடுத்துக்கோங்க" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எச்.எம். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை கேட்டார். "எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சேதி அவளுக்கு முன்னாலேயே சமையற்கட்டுக்குப் போய்விட்டது. சமையலக்கா கரண்டியோடு வாசலுக்கே வந்தாள்.

"எடுத்துக்கோங்கன்னா சொன்னே?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

"நாளைக்கு இந்த டேப்பைக் கேப்பாங்க, அதையும் குடுத்துருவியா? இதுங்க காலைல யார்கிட்ட வந்து நிக்கும்? கணக்கு சார் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாரா?"

"மத்தியானம் சாப்பாடு இருக்குல்லக்கா."

"மத்தியானம் வரைக்கும்?"

விசில் மிஸ்ஸுக்குக் கோபம்கூட வரவில்லை. சமையலக்காவின் வாய் அசைவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

"உன்கிட்ட கத்தறதுக்கு இந்த அண்டாகிட்ட கத்தலாம்" என்று சொல்லிவிட்டுச் சமையலக்கா உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து புது அட்டவணை. வெள்ளிக்கிழமைதான் கடைசிக் காலை பீரியட். நல்ல வெயில். விசில் மிஸ்ஸின் பையை வழக்கம்போல ஒட்டடைக்குச்சி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. உயரமான பெண், காற்றடித்தால் சாய்வாள். வகுப்பிலேயே தூரமாகக் குதிக்கக்கூடியவள், வாரத்தில் பாதி நாள் டேப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போகிறவள்.

"எப்படி இருந்துச்சு?" என்று விசில் மிஸ் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒட்டடைக்குச்சி அன்றைக்குக் குறை சொன்னாள். "கஞ்சியில கல்லு மிஸ்." ஆகவே குதிக்கிறவர்கள் பக்கம் போனாள். நான்கைந்து பேர் நல்லா இருந்துச்சு என்றார்கள். அவர்கள் டேப்.

ஒட்டடைக்குச்சி ஓடி வந்து குதித்தாள். விழுந்த இடத்தைப் பார்க்க விசில் மிஸ் மணலுக்குக் குனிந்தாள். நிமிர்ந்தபோது மரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு மைதானம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. விழவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யாரோ அட்டையால் விசிறினார்கள்.

ஒட்டடைக்குச்சி டேப்பின் நுனியை வாங்கி அவள் கையில் வைத்தாள்.

"மிஸ், நீங்க இன்னிக்கு டேப்."

"என்னது?"

"டப்பா ரொம்ப நாளா லொட லொடங்குது மிஸ். ஸ்பூன் மட்டும்தான் ஓடுது. நாங்கதானே பையைத் தூக்கறோம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு குரல், "உங்ககிட்ட எப்படி மிஸ் கேக்கறது?" என்றது.

அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டாள். நிழலில், மற்ற நாலைந்து பேரோடு உட்கார்ந்து, குதித்தவர்களை எல்லாம் அளந்து சொன்னாள். பீரியட் முடிந்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அவர்களோடு வரிசையில் நடந்தாள். சமையலக்கா முட்டை கொடுத்துக்கொண்டே வந்தவள், வரிசையின் கடைசியில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு முட்டையை ஓடு உரித்தே கையில் வைத்தாள். மற்றவர்களுக்கு உரித்துக் கொடுக்கிற பழக்கம் கிடையாது.

நின்றபடியே தின்றாள். தொண்டையில் அடைத்தது. சொம்பில் தண்ணீர் வந்தது, குடித்தாள். அழுகை வருமோ என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எச்.எம். அறைக்கு நடந்தாள். கணக்கு சார் கரும்பலகையில் புது அட்டவணையை அழகாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்த பீரியட் எனக்கு வேணும் சார்."

"நீங்கதானே எடுத்துக்கோங்கன்னீங்க?" என்றார் எச்.எம்.

"ஆமா. இப்ப வேணும்."

"திடீர்னு என்ன டீச்சர்?"

"காலைல சாப்பிடாம வர்றாங்க."

"அது எப்பவும் இருக்கறதுதானே?"

"அதனாலதான் அந்த பீரியட் சார். டேப் கிச்சன்ல தொங்கறதும் அதுக்குத்தான். எலிக்கு இல்ல."

எச்.எம். கணக்கு சாரைப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பேங்க் கவுன்ட்டரில் நிற்பது போல நின்றாள். அப்படி நிற்கிறவர்களை அனுப்புவதுதான் கஷ்டம்.

கணக்கு சார் சாக்பீஸை உருட்டினார். "பசியில இருக்கறவனுக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கொடுத்து..." என்று இழுத்தார். "கடைசி பீரியடுகளை வேணா நான் எடுத்துக்கறேன். எல்லாரும் தூங்குவாங்க. என் தலையெழுத்து." சொல்லிவிட்டு, எழுதியதைத் தானே அழித்தார். எழுத்து அழகாக வந்திருந்ததால் மெதுவாகத்தான் அழித்தார்.

வெளியே வந்தபோது சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. தலைசுற்றல் நின்றிருந்தது. போன் அடித்தது.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன். முட்டை."

"ஆச்சரியமா இருக்கே!"

"உப்பே போடலக்கா. அந்தம்மாவுக்கு முட்டைகூட ஒழுங்கா அவிக்கத் தெரியல."

அந்தப் பக்கம் அக்கா அழ ஆரம்பித்தாள். எதற்கு என்று விசில் மிஸ்ஸுக்குப் புரியவில்லை. அடுத்த மணி அடித்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.