இரண்டு கேமராவும் ஒரு கையும்

நம் ஸ்டூடியோ அலமாரியின் இரண்டாவது தட்டில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்று புதியது. பையோடு, மூடியோடு, சார்ஜ் ஏறிய பேட்டரியோடு எப்போதும் தயாராக இருப்பது. இன்னொன்று பழையது. அதன் வலது பக்கப் பிடியில் கறுப்பு ரப்பர் தேய்ந்து, நடுவிரல் படும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காராது. அது உங்கள் மாமனின் விரல் தேய்த்த பள்ளம். போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, “அப்பா, நெய்யாற்றின்கரைக் கடையில பழச எடுத்துட்டுப் புதுசு தாறானாம். அந்தக் கிழட்டுக் கேமராவக் குடுத்திருவோம், வெறுதே எடத்த அடச்சிட்டு இருக்கு” என்று சொன்னீர்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன் மக்கா. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமன், அதாவது உங்கள் அம்மையின் அண்ணன், எனக்கு அளியன்; அவருக்கு நானும் அளியன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. உதியன்குளங்கரையில் இந்த ஸ்டூடியோவைத் திறந்தபோதே வேலையைப் பிரித்துக்கொண்டோம்: படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் செய்வது நான். அந்தப் பழைய கேமராவை வாங்கிய காலத்தில் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிற எல்லோரிடமும் கண்ணாடி வைத்த பெரிய கேமராதான் இருந்தது. நம்முடையதில் உள்ளே கண்ணாடி கிடையாது. லென்ஸ் பார்ப்பதை நேராகச் சின்னத் திரையில் காட்டும். அளவிலும் சின்னது. பாறசாலையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டுக்காரன், “எலே, கேமரா வரல்லியா? அதுக்க பிள்ளைய மட்டும் அனுப்பி விட்டிருக்கு” என்று கேட்டான். அளியன் அசரவில்லை. “பிள்ளதான் மக்கா, ஆனா கண்ணு நல்ல கூர்மையாக்கும். நீ கால் மாத்தி செருப்பு போட்டிருக்கியது வரைக்கும் தெரியுது” என்றார். அவன் குனிந்து காலைப் பார்க்க, பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆட்களைச் சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்குகிற அந்தக் கடைசி நொடியில் அமுக்குவதுதான் அவர் பழக்கம்.

பிறகு சில ஆண்டுகள் கழித்து, பொழியூர்ப் பக்கம் கடலோரத்தில் ஒரு கல்யாணம். சர்ச்சில் பூசை நடக்கும்போது ஃபிளாஷ் போடக் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். உள்ளே வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். அந்த நேரத்துக்குள் கை இம்மி அசைந்தாலும் படம் கலங்கிவிடும். மின்னு, அதாவது தாலி, கட்டுகிற படம் ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் பெண்ணின் முகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. பெண்ணின் அப்பா கடலுக்குப் போகிறவர். ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடல்ல வள்ளம் ஆடும், அது எனக்குத் தெரியும். சர்ச்சில தரையும் ஆடுமா மோனே?” என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அளியன் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வரும் வழியெல்லாம் நான் கேமராவைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அப்புறம்தான் புதிய கேமரா பேச்சு வந்தது. நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் ஒரு நாள் வைத்துப் பார்க்கத் தந்தார். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். பழையதுக்கு மதியத்துக்குள் மூன்று பேட்டரி மாற்ற வேண்டும், புதியது சாயங்காலம் வரை ஓடும். பழையது இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தடவும். புதியதில் ஒரு சின்னக் கட்டம் தானாகவே ஓடிப்போய் ஆளின் கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, புதியதின் உள்ளே படம் பதிகிற தகடு மிதந்துகொண்டிருக்கும். கை இந்தப் பக்கம் ஆடினால் அது அந்தப் பக்கம் ஆடி, ஆட்டத்தைத் தின்றுவிடும். பழையதில் அந்த ஏற்பாடே இல்லை.

சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் நம் ஸ்டூடியோவின் வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் தொங்கிய ஏத்தன் வாழைக்குலையைக் குறி வைத்தோம். இரண்டு கேமராவிலும் ஒரே வேகம், ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அளியன் முதலில் பழையதில் எடுத்தார். குலை கலங்கி, மஞ்சள் துணி போலத் தெரிந்தது. புதியதில் எடுத்தார். பழத்தோலில் உள்ள கறுப்புப் புள்ளியை எண்ணலாம். “பாத்தியா?” என்றார். “பாத்தேன், பழைய கேமரா போச்சு” என்றேன். நானும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமே என்று பழையதுக்குக் கை நீட்டினேன். அதற்குள் அவர் அதை எடுத்துப் பையில் வைத்து, “விடு அளியா, சாயா ஆறுது” என்றார். நான் சாயாவை எடுத்துக் குடித்தேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், அந்தச் சாயாவைத்தான் சொல்வேன். படம் கலங்கினால் கேமராவைப் பார்ப்பது எங்கள் தொழில்காரர்களின் புத்தி. லென்ஸைப் பார்ப்போம், வேகத்தைப் பார்ப்போம், மெமரி கார்டைப் பார்ப்போம். பிடித்திருக்கிற கையைப் பார்க்கத் தோன்றாது. இரண்டு கேமராவை ஒப்பிட்டோமே தவிர, இரண்டு கையை ஒப்பிடவில்லை.

புதிய கேமரா வந்த பிறகு இரண்டு வருஷம் ஒரு படம்கூடக் கலங்கவில்லை. நான் சந்தோஷமாக ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அளியன் கார்டு மாற்றுவதை என்னிடம் விட்டார். சாயாவை அரை கிளாஸ் மட்டும் வாங்கினார். படம் எடுக்கும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மூச்சை அடக்கி, தூணோ சுவரோ இருந்தால் அதில் சாய்ந்தே நின்றார். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, “புது கேமரா வந்ததும் அளியனுக்கு மொதலாளிப் பவுசு வந்துபோச்சு. கார்டு மாத்த ஆள் வேணும், சாய ஒரு தூண் வேணும்” என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். “ஆமாலே, அடுத்தது குடை பிடிக்க ஒருத்தன வைக்கப் போறேன்” என்றார்.

வெள்ளறடையில் ஒரு நிச்சயதார்த்தம். மேடையில் யாரோ அவர் கையில் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் கொடுத்தார்கள். அந்தக் கிளாஸ் அவர் கையில் நிற்கவில்லை. பாதிக்குமேல் பெண்ணின் அம்மாவுடைய புடவையில் கொட்டிவிட்டது. பெண்ணின் சித்தப்பா எல்லோர் முன்னாலும், “விடியக்காலத்தயே குடிச்சிட்டு வந்திருக்கான். கையப் பாருங்க. எறக்கி விடுங்க இவன” என்று கத்தினார். அளியன் கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார். மிச்சப் படங்களை நான் எடுத்தேன்.

முடித்துவிட்டு வந்தபோது அளியன் எங்கள் வேனில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். நான் கதவைச் சாத்திவிட்டு, “ஊது” என்றேன்.

“எதுக்கு அளியா?”

“ஊதுலே.”

ஊதினார் மக்கா. சின்னப் பிள்ளை போல வாயைக் குவித்து என் முகத்துக்கு நேராக ஊதினார். காலையில் தின்ற புட்டும் பழமும்தான் மணத்தது. வேறொன்றும் இல்லை. பிறகு அவர் வலது கையைத் தன் முட்டியின் மேல் வைத்துக் காட்டினார். பெருவிரலும் சுட்டுவிரலும் பீடி உருட்டுவதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. “எனக்க கை எனக்க சொல்லு கேக்காது அளியா” என்றார்.

“எத்தர நாளாச்சு?”

“பழைய கேமரா உள்ளப்பளே உண்டு. படத்தில தெரிய ஆரம்பிச்சப்போ பயந்து பேடிச்சேன். புதுசுல தெரியல்ல. தெரியல்லேண்ணா சீக்கு இல்லேண்ணு நெனச்சுக்கிட்டேன்.”

திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நரம்புக்குப் பார்க்கிற டாக்டர், எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அளியனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து பழைய கேமராவின் படங்களையெல்லாம் திறந்து முதலிலிருந்து பார்த்தேன். அதில் எல்லாம் தேதியோடு இருந்தது. முதலில் ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு கலங்கிய படம். அடுத்த மாதம் நான்கு. ஓணம் கழிந்த பிறகு பத்துக்கு மேல். நோய் நடந்து வந்த வழியை அந்தக் கேமரா அடி அடியாகப் பதிந்து வைத்திருந்தது. அந்தப் படங்களைத்தான் நான் கேமராவைத் திட்டிக்கொண்டே ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன். அடுத்த முறை போனபோது, முன்பே வந்திருந்தால் என்று டாக்டரிடம் இழுத்தேன். “முன்பே வந்திருந்தாலும் இது குணமாகி மாறுகிற நோய் இல்லை. மருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்” என்றார். எவ்வளவு எளிது, எத்தனை வருஷம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நோயின் பெயரை இங்கே எழுதவும் மனமில்லை. உங்கள் அம்மைக்குத் தெரியும்.

இப்போது அவர் ஸ்டூடியோவில் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற ஆட்களைச் சிரிக்க வைக்கிறார். நான் படம் எடுக்கிறேன். சிரிப்பு அடங்குகிற அந்த நொடி எனக்கு எப்போதும் தப்பிப்போகிறது. புதிய கேமராவில் எவ்வளவோ உண்டு, அதைப் பிடித்துத் தர வழியில்லை. அவர் கையைப் பிடித்து நிறுத்தவும் வழியில்லை. ஒருநாள் நானே அவர் கையை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் பழைய கேமராவைக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போன பிறகு, அதை எடுத்துத் துடைத்து பேட்டரி போட்டேன். உயிர் வந்தது. வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினேன். எதிர்க் கடையில் அன்றும் ஏத்தன் குலை தொங்கியது. அதே பதினைந்தில் ஒரு பங்கு வேகம் வைத்து, அன்று எடுக்காமல் விட்ட அந்தப் படத்தை எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பழத்தோலின் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை.

அளியன் நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கிட்டிச்சா அளியா?” என்று கேட்டார்.

நான் திரையை அணைத்தேன். “இல்ல, ஆடிப்போச்சு. பழைய கேமரா இல்லியா” என்றேன்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை மடியில் மறுகையால் மூடிக்கொண்டு, “ஆமா, அது பண்டே அப்பிடியாக்கும்” என்றார்.

கேமராவைத் திரும்ப அலமாரியின் இரண்டாவது தட்டில் வைத்தேன். அது அங்கேயே இருக்கட்டும் மக்கா.