என் செய்தியை வாசித்த அண்ணன்

முதல் முறை குரல் நின்றபோது நான் நிலக்கடலை விலை சொல்லிக்கொண்டிருந்தேன். விபத்தோ கலவரமோ அல்ல. விழுப்புரத்தில் அன்று வரத்து அதிகம், மூட்டைக்கு விலை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ரிசீவர் காதில் இருந்தது. மூச்சு வந்தது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுமுனையில் சென்னை அலுவலகத்து உதவி ஆசிரியர் "அலோ, அலோ" என்று கத்திவிட்டு வைத்தார். நானும் வைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு டீ சொல்லச் சொன்னேன். தெளிவாக, வழக்கமான குரலில் சொன்னேன். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் பகுதிநேர நிருபர். சாதாரணச் செய்திகளைக் கவரில் போட்டு ரயிலில் அனுப்புவேன். அவசரச் செய்திகளை ரயிலடிக்கு அருகில் இருந்த பத்திரிகை ஏஜெண்டின் கடையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வழியாக டிரங்க் கால் போட்டுச் சொல்வேன். நான் வாசிப்பேன், அங்கே ஒருவர் எழுதிக்கொள்வார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்கு முழுநேர நிருபர் ஒருவரை நியமிக்கப் போவதாகச் செய்தி ஆசிரியர் சொல்லியிருந்தார். போட்டி எனக்கும் கடலூர்க்காரர் ஒருவருக்கும். "போன்ல ஜல்தியா நியூஸ் தர்றவன் எவனோ அவனுக்குத்தான்யா" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பகுதிநேர வேலையில் வருகிற தொகையைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு குரல். அது போனைத் தவிர எல்லா இடத்திலும் வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். மிளகுக் கஷாயம் குடித்தேன். அண்ணன் ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு அழைத்துப் போனார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு திரும்பி வந்து போனை எடுத்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். வேகன்கள் முட்டிக்கொள்ளும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்தவர் அவர். பள்ளியில் சேர்த்தபோது என் பெயரைச் சொன்னதும் அவர்தான், பெண் பார்க்கப் போன இடத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். பிடித்திருந்தது என்பது உண்மை. சொல்லும் வேலை எனக்கு மிச்சம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாலை போனில் நான் வாயடைத்து நின்றபோது அவர் பக்கத்தில் இருந்தார். என் கையிலிருந்து ரிசீவரையும் தாளையும் வாங்கினார். "சார், எழுதிக்கினு வாங்க" என்று ஆரம்பித்து, முற்றுப்புள்ளி உட்பட வாசித்து முடித்தார். மறுமுனைக்கு நானே பேசுவதாக நினைப்பு. "யோவ், இப்பத்தான்யா உன் கொரல்ல தெம்பு வந்திருக்குது" என்று பாராட்டு வேறு. அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அலுவலகம் முடிந்து அண்ணன் நேராக ஏஜெண்ட் கடைக்கு வருவார். என் செய்தியை அவர் வாசிப்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.

அனந்தபுரம் பக்கத்தில் ஒரு தெருவுக்குக் குடிநீர் வராத செய்தியை அவர் வாசித்தபோது, "என்று பெண்கள் கண்ணீர் மல்கக் கூறினர்" என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது.

"யாருண்ணா அழுதாங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி வரலன்னா அழமாட்டாங்களாடா?"

"நான் போனேன். யாரும் அழல. திட்டினாங்க."

"திட்டினதப் போட்டா பேப்பரு விக்குமா? உடு, நல்லாத்தான் இருக்குது."

மறுநாள் கண்ணீர் அச்சில் வந்தது.

அந்தத் தொண்டை மருத்துவர்தான் இரண்டாம் முறை போனபோது சொன்னார். திண்டிவனத்துக்குச் சனிக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அம்மையார் வருகிறார், மனநல ஆலோசகர், போய்ப் பேசிப் பாருங்கள் என்று. வெளியே வந்ததும் அண்ணன், "பேச வரலன்னு வந்தவனப் போயி பேசுன்றாரே, இவுரு என்னா டாக்டரு" என்றார். ஆனாலும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி இடம் பிடித்திருந்தார்.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை மாடி. அரைக்கதவு போட்ட அறை. கீழே பஸ்கள் ஹாரன் அடிப்பது ஓயவே இல்லை. அம்மையாருக்கு நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, மேசையில் ஒரு கூஜா, வேறொன்றும் இல்லை. என்னைப் பார்த்து, "சொல்லுங்க, என்ன ஆச்சு?" என்றார்.

"அது ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் அதுதான் முறை. நோயாளி நாக்கை நீட்டுவார், கூட வந்தவர் நோயைச் சொல்வார். எந்த மருத்துவரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. இவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அண்ணனை வெளியே உட்காரச் சொன்னார். அண்ணன் போனார். அரைக்கதவுக்குக் கீழே அவர் செருப்பு தெரிந்தது.

"முதல்ல எப்ப இப்படி ஆச்சு?" என்று அம்மையார் கேட்டார்.

"சித்திரைல, டாக்டரம்மா" என்றது கதவு.

முதல் சில வாரங்கள் மூச்சுப் பயிற்சி. தாடையைத் தளர்த்துவது, வயிற்றிலிருந்து மூச்சு விடுவது, முனகலில் தொடங்கி வார்த்தைக்குப் போவது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இது ஒரு முறை, இதற்கு ஒரு முடிவு உண்டு என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் அதை விட்டுவிட்டு, குரல் நிற்பதற்கு முந்தின நொடியில் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டார். அதற்கடுத்த வாரம், சின்ன வயதில் வீட்டில் யார் அதிகம் பேசுவார்கள் என்றார். பிறகு ஒரு காலி நாற்காலியைக் காட்டி, அதில் சென்னை உதவி ஆசிரியர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு அவரிடம் சொல்ல நினைப்பதைச் சொல்லச் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. ஒரு செய்திக்கு ஒரு தலைப்புதான் இருக்க முடியும். இவர் வாரத்துக்கு ஒரு தலைப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எந்த வைத்தியம்ங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒருங்கிணைச்சுப் பண்றதுன்னு சொல்லுவோம். உடம்பு இறுகுது, அதுக்கு ஒண்ணு. பயம் ஒரு மாதிரி யோசிக்க வைக்குது, அதுக்கு ஒண்ணு. அந்தப் பயம் எங்க கத்துக்கிட்டதுன்னு பாக்க ஒண்ணு. ஒரே முறையப் புடிச்சிக்கினு ஆளை அதுக்குள்ள திணிக்கக் கூடாது. ஆளுக்கு ஏத்தபடி முறையைச் சேர்க்கணும்."

அன்று அண்ணனும் அறையில் இருந்தார். "கொழம்பு, ரசம், மோரு எல்லாத்தையும் ஒரே எலையில ஊத்திப் பெசஞ்சா என்னாங்க ஆவும்?" என்றார்.

"எலையில ஒவ்வொண்ணாத்தான் ஊத்தறோம், சார். வயித்துல எல்லாம் ஒண்ணாத்தானே கெடக்குது?"

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் செய்தது, எப்போது, ஏன் என்று கேட்டுப் பழகியவன் நான். காரணம் எது என்று கேட்டால் இந்த அம்மையார் காரணங்களைக் கூட்டமாக நிற்க வைத்தார். எதையும் கைது செய்யவில்லை.

அடுத்து நடந்ததை இப்போதும் சரியாகச் சொல்ல முடியும். அறையில் நானும் அம்மையாரும் மட்டும் இருந்தோம். போனில் பேசும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று விளக்க முயன்றேன். "நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே அவர்..." என்று வார்த்தை தேடினேன். கீழே அடுத்த ஆள் காத்திருந்தார், அம்மையாருக்கும் அவசரம்போல. "அவசரப்படுத்தறார்" என்று முடித்து வைத்தார். என் தொண்டை மூடிக்கொண்டது. போன் இல்லாத இடத்தில் அப்படி ஆனது அதுவே முதல் தடவை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தப்பு என்னுது. உங்க வாக்கியத்த நான் எடுத்துக்கினேன். இப்ப உங்களுக்கு என்ன தோணுது? மெதுவா. நான் வாயே தொறக்கல."

வெகுநேரம் ஆயிற்று. அவர் உண்மையிலேயே வாய் திறக்கவில்லை.

"கோவம்" என்றேன்.

"யார் மேல?"

சொன்னேன். முதலில் அவர்மேல். பிறகு "சரி சரி, மீதிய நான் போட்டுக்கறேன்" என்று என் செய்தியை நடுவில் வெட்டுகிற உதவி ஆசிரியர்மேல். பிறகு யார்மேல் என்பதை அரைக்கதவுக்குக் கீழே தெரிந்த செருப்பைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னேன். என்னைப் படிக்க வைத்தவர்மேல் கோபப்பட எனக்கு இடம் இருந்ததில்லை. அவர் என் பேச்சை எடுத்துக்கொண்டால் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் மரியாதை. எழுத்தில் யாரும் குறுக்கே வர முடியாது என்பதால்தான் நான் எழுத வந்தேனோ என்னவோ.

கேட்கப் பொருத்தமாக இருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். இவ்வளவு பொருந்தி வருகிற செய்தியை நான் இன்னொரு முறை விசாரிக்காமல் அனுப்பியதில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். "சந்தேகப்படுங்க. புரிஞ்சுட்டதுனால மட்டும் தொண்டை தொறந்துடாது" என்றார். புரிந்தும் திறக்காதென்றால் எதற்காக இத்தனை சனிக்கிழமைகள் என்று கேட்க நினைத்தேன். "பழகணும்" என்று அதற்கும் பதில் வைத்திருப்பார் என்று கேட்கவில்லை.

பழகினோம். அண்ணனை உள்ளே கூப்பிட்டு எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். அண்ணன் சென்னை உதவி ஆசிரியர். நான் செய்தி சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நான் முடித்தேன் என்று சொல்லும்வரை அவர் பேசக் கூடாது.

"விக்கிரவாண்டி அருகே லாரி..." என்று நிறுத்தினேன்.

"கவிழ்ந்து!" என்றார் அண்ணன்.

"சார்" என்றார் அம்மையார்.

"இல்லீங்க, லாரின்னா வேற என்னாங்க பண்ணும்?"

பல வாரங்கள் லாரி கவிழ்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் அண்ணனே கேட்டார்: "அப்ப நான் வாய மூடிக்கினு இருக்கணும், அதானேங்க? இவ்ளோ நாளு நான் பேசினதுனாலதான் இவனுக்குப் பேச வரல, அதானே?"

"அப்படி நான் சொல்லல. நீங்க இல்லன்னா அவர் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டாரு. ரெண்டும் நெசம்தான், சார்."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட்டைக்கூட நான்தான் கேட்டு வாங்கினேன். கோபத்தைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவில்லை.

மார்கழியில் ஒரு மாலை, கரும்புப் பாக்கி கேட்டு விவசாயிகள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். நான் நேரில் இருந்தேன். ஓடிவந்து அவசர டிரங்க் கால் பதிவு செய்தேன். அண்ணனும் வந்து சேர்ந்தார். மணி அடித்தது. எடுத்தேன். மூச்சை வயிற்றுக்கு இறக்கினேன், தாடையைத் தளர்த்தினேன், மறுமுனை குறுக்கிட்டாலும் என் வாக்கியம் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எது வேலை செய்தது என்று இன்றும் தெரியாது.

"விழுப்புரம் நிருபர் பேசறேன் சார். எழுதிக்குங்க."

குரல் வந்தது. என் குரல்.

"யாருய்யா நீ?" என்றது மறுமுனை.

"விழுப்புரம் நிருபர் சார்."

"அவன் கொரல் எனக்குத் தெரியாதா? வெளையாட்றியா? நிருபரக் கூப்புடுய்யா."

அண்ணனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் கை பழக்கத்தில் ரிசீவரை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அதை அவர் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் கொடுக்கவில்லை. நான்தான் நிருபர் என்று மறுபடி சொல்லிவிட்டு, செய்தியைத் தொடங்கினேன். அவர் "யோவ், யோவ்" என்றார். நான் நிறுத்தி, அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். இறுதிவரை சொன்னேன். யாரும் கண்ணீர் மல்கவில்லை.

மறுநாள் செய்தி வந்தது. எங்கள் சாலையில் நடந்த மறியல், கடலூர் என்ற ஊர்ப் பெயரோடு வந்தது. அடையாளம் தெரியாத ஒருவன் போனில் சொன்னதை நம்ப முடியாமல், கடலூர்க்காரரைக் கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அவர் பெயரிலேயே போட்டிருந்தார்கள். அவர் அந்த இடத்துக்கு வரவே இல்லை. பொங்கல் முடிந்து முழுநேர வேலையும் அவருக்கே போயிற்று.

சனிக்கிழமை இதைச் சொன்னபோது அம்மையார் ஆறுதலும் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. "குரல் நின்னுச்சா?" என்றார்.

"நிக்கல."

"கோவம்?"

"இருக்கு."

"யார்கிட்ட சொல்லணும் அத?"

எனக்கு வந்த எரிச்சலில் பாதிப் பேச்சிலேயே எழுந்து வந்துவிட்டேன். மனம் வளர்ந்ததாம், வேலை போயிற்றாம். திங்கட்கிழமை காலை செய்தி ஆசிரியருக்கு டிரங்க் கால் போட்டேன். கையில் தாள் இல்லை. அண்ணன் அலுவலகத்தில் இருந்தார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"புரியுதுய்யா, அடுத்த தபா பாத்துக்..."

"நான் இன்னும் முடிக்கல சார்."

அவர் கேட்டார். முடிக்கும்வரை கேட்டார். வேலை அவர் கொடுக்கவில்லை.