கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரம்

அந்தக் குடியிருப்பில் அவரை ஏசிக்காரர் என்றும் அவர் மனைவியைத் தையலம்மா என்றும்தான் எல்லாருக்கும் தெரியும். அவர் வீடு வீடாகப் போய் ஏசி கழுவுவார், கேஸ் நிரப்புவார், தண்ணீர் ஒழுகும் குழாயின் அடைப்பை ஊதி எடுப்பார். அவள் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் துணி தைப்பாள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதன்பிறகு மிஷின் நின்றால் வீட்டில் பேச்சுமூச்சு இருக்காது.

செடி வந்தது ஒரு நர்சரியிலிருந்து. அங்கே கண்ணாடிக் கொட்டகையைக் குளிர்விக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. ஏசிக்காரர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போய் அதை எழுப்பிக் கொடுத்தார். நர்சரிக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு மரப்பட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் பாசியோடு பாசியாக, பயத்தம்பருப்பு அளவில் நாலைந்து இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஆர்க்கிட்ணே. மலைமேல மேகம் வந்து உரசுற காட்டுல, மரக்கிளையில வளர்றது. இதுக்குமேல பெருசாகாது. குளிர்ச்சியும் ஈரமும் ஒண்ணாச் சேர்ந்து வேணும். அதனாலதான் யார் வீட்டுலயும் பிழைக்கறதில்ல. உங்களுக்குன்னா அந்த வித்தை தெரியும்."

வீட்டில் தையலம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கீரை ஆய்ஞ்சு யாரோ கீழ போட்டதப் பொறுக்கிட்டு வந்தீங்களா?"

மீன்களெல்லாம் செத்து, பரணில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியை அவர் இறக்கினார். கழித்துப்போட்ட ஒரு தண்ணீர் இயந்திரத்தின் குளிர்விக்கும் பாகத்தையும், கம்ப்யூட்டர் விசிறி ஒன்றையும், பனிபோல் நீரைத் தூவும் ஒரு சின்னக் கருவியையும் அதில் பொருத்தினார். தொட்டி முன்னறைச் சுவரோரம், மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. உள்ளே மேகம் கட்டி, மெல்லக் கலைந்து, மறுபடி கட்டியது.

செய்து வைத்தது அவர் என்றாலும், வளர்த்தது அவள்தான். அவர் பகலெல்லாம் வெளியே அலைந்தார். அவள் மாடியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக வேருக்கு விட்டாள். ஒருநாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏங்க, இங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மயிரிழை போன்ற காம்பின் நுனியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ ஒன்று.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!" என்று சிரித்தார்.

அவள் ஊசி கோக்கும்போது வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள். பார்த்தார். மஞ்சளில் சிவப்புப் புள்ளிகள். இதழோரமெல்லாம் மயிர் போன்ற தும்பு. நடுவில் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு முகம். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு பார்க்கப் போறாங்கன்னு இவ்வளவு வேலை செஞ்சு வச்சிருக்கு?" என்றாள் அவள். அன்றிலிருந்து துணி வாங்க வந்த பெண்களெல்லாம் பூதக்கண்ணாடி பிடிக்காமல் வீட்டைவிட்டுப் போக முடியவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்கு இருமல் பிடித்தது. சளியில்லாத வறட்டு இருமல். மாடிப்படியில் ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். வயசாகிறது என்றாள், துணித்தூசி என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்றார்.

"வீட்டுல எங்கயாவது ஈரம் தங்குதா? சுவத்துல பூஞ்சை, அது மாதிரி?"

தொட்டியின் பின்சுவரில் பெயின்ட் உப்பிக் கறுத்திருந்ததை ஏசிக்காரர் இரண்டு முறை துடைத்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். மூணாவது மாடி. நல்ல வெயில்."

பஸ்ஸில் அவர் பொரிந்து தள்ளினார். "டாக்டர்கிட்டயே பொய் சொல்றியா? போனதும் முதல் வேலையா அதத் தூக்கிப் போடறேன்."

"மெதுவாப் பேசுங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊர்ல இருக்கற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வெளிய விடறீங்களே, நம்ம வீட்டு ஈரம் மட்டும் இருந்துட்டுப் போகட்டும். நாள் முழுக்க என்கூட இருக்கறது அது ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்தும் அவர் தொட்டியைத் தூக்கிப் போடவில்லை. சுவரைச் சுரண்டி மருந்தடித்தார். தொட்டியைச் சுற்றி ரப்பர் ஒட்டினார். ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்தார். இருமல் குறையவில்லை. மகளுக்கு விஷயம் தெரிந்ததும் போனில் கத்தினாள். "அம்மா பெருசா, அந்தப் பாசி பெருசா? ஏம்ப்பா, உங்களுக்கு மூளை மழுங்கிப்போச்சா?"

ஒருநாள் மூச்சு முட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்று மதியமே அவர் செடியை ஈரத்துணியில் சுற்றி நர்சரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தொட்டியை உடைத்துப் பழைய சாமான்காரரிடம் போட்டார். சுவருக்கு வெள்ளையடித்தார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீடு திரும்பியவள், வாசலில் நின்றபடியே வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கட்டிலில் போய் உட்கார்ந்து, "நல்லா அடிச்சிருக்கீங்க, திட்டே இல்லாம" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சில வாரங்கள் கழித்து அவளே கேட்டாள். "ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

வண்டி வைத்து, சிலிண்டரோடு கூட்டிப்போனார். கண்ணாடிக் கொட்டகைக்குள் காற்று ஈரத்தில் கனத்துக் கிடந்தது. அவளை உள்ளே விட முடியாது. வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"பூத்திருக்கும்மா. வெளிய எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் நர்சரிக்காரர்.

"வேண்டாம் தம்பி. இந்த வெயில் காத்துல வாடிடும். உள்ளயே காட்டுங்க."

நர்சரிக்காரர் பட்டையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஆவி படிந்திருந்ததால், அவர் கையே கலங்கலாகத்தான் தெரிந்தது. பூ எங்கே தெரியும்! ஏசிக்காரர் கைக்குட்டையால் வெளிப்பக்கம் துடைத்தார். ஈரம் உள்பக்கம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விடுங்க" என்றாள். "தெரியுது."

மழைக்காலம் தொடங்குமுன் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் தனியாக அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தார். கண்ணாடித் தொட்டியைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "அதனாலதானா?" என்று கேட்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கலாம். துணித்தூசியா இருக்கலாம். ஜன்னல்ல வர்ற புறாவாக்கூட இருக்கலாம். நோய் ரொம்ப நாளாவே உள்ள இருந்திருக்கு. இதுதான்னு என்னால சொல்ல முடியாது."

ஆமாம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார். இல்லை என்றிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பார். இரண்டும் இல்லாமல் படியிறங்கினார்.

நர்சரி இயந்திரத்தைக் கழுவப் போகும்போதெல்லாம் அந்த மூலைப் பக்கம் தலை திருப்பாமல் வேலையை முடித்துவிட்டு வந்தார். ஒருநாள் நர்சரிக்காரரே வழிமறித்துச் சொன்னார். "கொட்டகையப் பிரிக்கப் போறோம்ணே. செடியெல்லாம் ஒவ்வொருத்தரா எடுத்துட்டுப் போறாங்க. அம்மா வளர்த்தத மட்டும் நான் யாருக்கும் குடுக்கல."

அவர் புதிதாக ஒரு தொட்டி செய்தார். இம்முறை சுவரை ஒட்டி வைக்கவில்லை, அறை நடுவில் வைத்தார்.

விடுமுறைக்கு வந்த மகள் அதைப் பார்த்ததும் பையைக் கீழேகூட வைக்கவில்லை. "அம்மாவ முழுங்கினதத் திரும்பவும் கொண்டுவந்து நடுவீட்டுல வச்சிருக்கீங்களா?"

"உங்கம்மா வளர்த்ததும்மா."

"அதனாலதான் என்னால பார்க்க முடியல."

அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். பஸ் நிலையம் வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

உறவு அறுந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். சாப்பாடு, முட்டிவலி, பேரன் படிப்பு எல்லாம் பேசுவார்கள். செடியைப் பற்றி அவள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

அது பூத்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"வேற என்ன விசேஷம்?"

அவர் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றார். "உடம்பப் பார்த்துக்க."